பின்பாரம்

கில்லெட், வயோமிங்
14 ஆகஸ்ட் 1988

லைல்,

அக்காவிடமிருந்து கடிதம் வந்தால் கல்யாணமோ சாவோ என்று பதறுவாய். இரண்டும் இல்லை. நான் ஒரு பழைய டிரெய்லர் வாங்கியிருக்கிறேன். சரக்கு ஏற்றுவது இல்லை, கட்டிலும் அடுப்பும் வைத்த, குடியிருக்கும் டிரெய்லர். ஐம்பத்தெட்டாம் வருஷத்தது, பதினாறடி, அலுமினியத் தகடு, மஞ்சள் பட்டை. ஆமாம், நம்முடையது போலவேதான்.

விற்றவர் எமெட் ஸ்ட்ராண்ட் என்று ஒரு பண்ணைக்காரர். ஐந்து வருஷமாக அதில் கோழி அடைத்திருந்திருக்கிறார். "தரையெல்லாம் இரும்பும்மா, குதிச்சுப் பாருங்க" என்றார். குதித்தேன். அப்புறம் கைப்பையிலிருந்து திருப்புளியை எடுத்து மூலைக்கு மூலை குத்தினேன். மூன்று மூலையில் முட்டிக்கொண்டு நின்றது. நாலாவதில் பிடிவரைக்கும் உள்ளே போனது. "அது ஒரு மூலைதானேம்மா" என்றார். "உங்க வீட்டுல ஒரு மூலை இடிஞ்சா அப்படித்தான் சொல்வீங்களா?" என்று கேட்டேன். பின் பம்பர் மேல் ஏறி நின்று ஆட்டியும் பார்த்தேன். அடிச்சட்டமும் கூடும் சேர்ந்துதான் ஆடின, தனித்தனியாக இல்லை. அறுநூறு டாலருக்கு முடிந்தது. கோழி வாசனை இலவசம்.

நம் ஊரில், வொர்லண்ட் பள்ளிக்கூடச் சமையலறையில் எனக்கு வேலை கிடைத்திருக்கிறது. வீடு அமையும்வரை அங்கே ஆற்றங்கரை முகாமில் டிரெய்லரிலேயே இருக்கப்போகிறேன். இந்த வீட்டைக் காலி செய்கிறேன், போனையும் வெட்டியாகிவிட்டது.

பஃபலோ போய், மலையேறி, டென்ஸ்லீப் பள்ளத்தாக்கு வழியாக இறங்குவேன். அம்மா செத்த இறக்கம்தான். மலையேறாமல் கேஸ்பர் வழியாகச் சுற்றிப் போ என்று எழுதாதே. இருபத்திரண்டு வருஷமாகச் சுற்றித்தான் போகிறேன். ஒரு தடவை ஈஸ்டருக்குப் பனிப்புயலில்கூடச் சுற்றினேன். இனி அந்த ஊரிலேயே இருக்கப்போகிறவள். காலையில் கதவைத் திறந்தால் அந்த மலைதான் எதிரே நிற்கும். அதைப் பார்த்துத் தினமும் தலையைக் குனிந்துகொள்ள முடியாது.

பயமாக இருக்கிறது, லைல். நிறையவே. நீ பத்து வருஷம் மரலாரி ஓட்டியவன். எப்படி இழுக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடு.

ஆர்டித்


காவல் கோபுரம், சாமன் காடு, ஐடஹோ
19 ஆகஸ்ட்

அக்கா,

வேண்டாம்.

இதோடு நிறுத்தலாம் என்றுதான் உட்கார்ந்தேன். நீ கேட்கமாட்டாய் என்பதால் எழுதுகிறேன். நான் எழுதுவது உனக்கு எப்போது வரும் என்றும் தெரியாது. வியாழக்கிழமை ஓரன் கோவேறு கழுதைகளோடு ஏறி வருவார், அரிசி பருப்போடு தபாலும் கொண்டுவருவார், அதே கழுதையில் என் தபால் இறங்கும். ரேடியோ காட்டுத்தீயைச் சொல்ல மட்டும்தான். இந்த வருஷம் எந்தப் பக்கம் திரும்பினாலும் புகை. பனி விழும்வரை கோபுரத்தை விட்டு இறங்கக் கூடாது என்று உத்தரவு. இல்லாவிட்டால் நானே வந்து உன் சாவியைப் பிடுங்கியிருப்பேன்.

சரி. டயரைப் பார். மேலே பட்டன் வரிகள் தேயவில்லையே என்று ஏமாறாதே, கோழிக்கூட்டில் நின்ற வண்டிக்குத் தேயாது. பக்கவாட்டில் மயிரிழை வெடிப்பு இருந்தால் எல்லாவற்றையும் தூக்கிப் போடு. நம்முடையதில் இரண்டுதான் என்று நினைக்கிறேன், உன்னுடையதில் எத்தனையோ.

பிக்கப்பின் பின்னால் இருக்கும் கொக்கிப் பந்தில் இரண்டு அளவு உண்டு. சின்னப் பந்தில், டிரெய்லரின் முன்நுனியில், அதன் மூக்கில் இருக்கும் பெரிய கிண்ணத்தைக் கவிழ்த்தால் நன்றாகத்தான் உட்கார்ந்தது போல் இருக்கும். ஒரு பள்ளத்தில் குதித்ததும் கழன்றுவிடும். ஆகவே பூட்டிய பிறகு ஜாக்கியால் டிரெய்லரின் மூக்கைத் தூக்கு. பிக்கப்பின் பின்புறமும் கூடவே எழுந்தால் பூட்டியிருக்கிறது, எழாவிட்டால் இல்லை. சங்கிலி இரண்டையும் மூக்குக்குக் கீழே குறுக்காகப் போடு.

டிரெய்லருக்குத் தனியாகக் கரண்ட் பிரேக் வைக்கச் சொல். நம்முடையதில் அது இல்லை. பிக்கப்பில் ஸ்டியரிங்குக்குக் கீழே ஒரு கைப்பிடி வைப்பார்கள், அதை இழுத்தால் டிரெய்லர் மட்டும் பிடிக்கும். டிரெய்லரின் வால் ஆட ஆரம்பித்தால் பிரேக்கில் காலை வைக்காதே, ஆக்ஸிலேட்டரை மெல்ல விட்டுக் கைப்பிடியை இழு. இறக்கத்தில் முதலிலேயே கீழ்க் கியருக்கு வந்துவிடு.

இங்கே மூன்று வரி எழுதி அடித்திருக்கிறேன். தேவையில்லாதது.

கேஸ்பர் வழியாகப் போ, அக்கா. அந்த மலைக்கு நீ எதையும் நிரூபிக்க வேண்டியதில்லை.

லைல்


கில்லெட்
3 செப்டம்பர்

லைல்,

நீ சொன்னதெல்லாம் செய்தேன். டயர் இரண்டுதான், இரண்டையும் மாற்றினேன். பந்து எமெட் கொடுத்தது சின்னது! ஜாக்கியால் தூக்கினேன், கிண்ணம் மட்டும் சொகுசாகக் கழன்று மேலே வந்தது. கடைக்காரர் புதுப் பந்தை மாட்டிவிட்டு, "யாரும்மா உங்களுக்கு இதெல்லாம் சொன்னது?" என்று கேட்டார். "மலை உச்சியில ஒளிஞ்சிருக்கிற என் தம்பி" என்றேன்.

கைப்பிடியும் வைத்தாயிற்று. கண்காட்சி மைதானத்தில் காலி டிரெய்லரை இழுத்துப் பழகினேன். பின்னால் எடுப்பதுதான் வரவில்லை, இரண்டு குப்பைத் தொட்டியைச் சாய்த்தேன். முன்னால் போவதில் பிழையில்லை. ஆனால் பிரேக்கின் மேல் வலது கால் போகும்போதெல்லாம் முழங்காலுக்குக் கீழே அது என்னுடையது இல்லை.

உனக்கு அப்போது பதினாலு வயது, பின் சீட்டில் இருந்தாய், எவ்வளவு ஞாபகமோ தெரியாது. எனக்கு எல்லாம் இருக்கிறது. வால் ஆடியது. அம்மா "ஆர்டித்!" என்று கத்தினாள். நான் மிதித்தேன். வானம் கீழே போனது. ஆஸ்பத்திரியில் அந்த டெபுடி போலீஸ்காரன் தொப்பியைக் கழற்றிக்கொண்டே சொன்னான்: "பொண்ணு, நீ பிரேக்க மிதிச்சிருக்கக் கூடாது." நம்மோடு வராத அப்பா ஒரே ஒரு தடவைதான் கேட்டார். "என்னம்மா அவசரம்னு மிதிச்ச?" அதற்குப் பிறகு சாகும்வரை அதைப் பற்றிப் பேசவில்லை. நான் ஓட்டும் வண்டியில் ஏறவும் இல்லை. கண் மங்கிய பிறகும் டாக்டரிடம் போக நீ வரும்வரை காத்திருப்பார். நான் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்பேன்.

ஆகவே ஒரு முடிவு எடுத்திருக்கிறேன். கீழ்க் கியர் போடுவேன். ஆனால் அந்த இறக்கத்தில் பிரேக்கை மிதிக்கப்போவதில்லை. கைப்பிடியையும் தொடமாட்டேன். எந்தப் பிரேக்காக இருந்தால் என்ன? ஒரு தடவை தொட்டதே போதும்.

இன்று சாமான் ஏற்றினேன். டிரெய்லரின் தண்ணீர்த் தொட்டி துருவேறி ஓட்டை. வொர்லண்ட் தண்ணீரின் உப்பு உனக்குத் தெரியுமே. அதனால் ஐந்து காலன் கேன் எட்டு வாங்கி இங்கேயே நிரப்பிக்கொண்டு போகிறேன். பின்கட்டிலுக்கு அடியில் அளவெடுத்தது போல் உட்காருகின்றன. நம்முடையதிலும் காலிக் கேன்களை அங்கேதானே போட்டு வைப்போம்? இரும்புச் சட்டிகளும் பின்னால்தான். முன்பக்கத்தைச் சும்மா விட்டிருக்கிறேன், கூடம் மாதிரி விசாலமாக இருக்கிறது.

13ஆம் தேதி கிளம்புகிறேன். அன்று பஃபலோ தபால் நிலையத்தில் என் பெயருக்கு ஏதாவது வந்து கிடக்கிறதா என்று கேட்பேன். தைரியமாக ஏதாவது எழுதிப் போடு.

ஆர்டித்


காவல் கோபுரம்
8 செப்டம்பர், வியாழன்
(பஃபலோ தபால் நிலையத்தில் ஆர்டித் வந்து வாங்கிக்கொள்ள)

அக்கா,

கேன்களை இறக்கு. இதைப் படிக்கும் இடத்திலேயே, தபால் நிலைய வாசலிலேயே, எட்டையும் இறக்கிக் கொட்டிவிடு. சட்டிகளை முன்னால் கொண்டுவா. பின்கட்டிலுக்கு அடியில் தலையணைகூட வேண்டாம். அப்புறம் படி.

ஓரன் கீழே கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருக்கிறார். "அரை மணிதான், லைல். மேற்கால புகை ஏறுது, நான் இருட்டறதுக்குள்ள இறங்கணும்" என்கிறார். இது 13ஆம் தேதிக்குள் போய்ச் சேருமா என்று கேட்டேன். "சேர்ந்தா சேரும்" என்றார். அவசரம், எழுத்தை மன்னி.

பாரம் பின்னால் இருந்தால் டிரெய்லரின் மூக்கு லேசாகிவிடும். மூக்கு லேசானால் வால் ஆடும். மொத்த எடையில் பத்தில் ஒரு பங்காவது, கொஞ்சம் கூடவே, மூக்கில் இருக்க வேண்டும். இதைப் போன கடிதத்திலேயே எழுதினேன். அந்த மூன்று வரி இதுதான். எழுதி அடித்துவிட்டேன். ஏன் அடித்தேன் என்றால், பின்பாரத்தைப் பற்றி உனக்கு எழுதினால் நம் டிரெய்லரில் பின்பாரம் என்ன இருந்தது என்று நீ யோசிப்பாய்.

அந்தக் கேன்கள் காலியாக இல்லை, அக்கா.

விபத்துக்கு முந்தின நாள், நாம் தங்கியிருந்த ஏரிக்கரையில் அம்மா காபி குடித்துவிட்டுச் சொன்னாள்: "இதுதான்டா காபி. நம்ம வீட்டுத் தண்ணியில போட்டா சோப்புத் தண்ணியக் குடிக்கிற மாதிரி இருக்கு." காலையில் நீயும் அவளும் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தபோது நான் ஊற்றுக்குப் போய்ப் பத்துக் கேனையும் நிரப்பினேன். ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து பின்கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். வீட்டுக்குப் போனதும் "திறந்து பாரும்மா" என்று சொல்ல வேண்டும், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. நானூறு பவுண்டு. அந்தச் சின்ன டிரெய்லரின் நுனி வாலில்.

விபத்துக்குப் பிறகு கேன்கள் சரிவெல்லாம் சிதறிக் கிடந்தன. மூடி தெறித்து, தண்ணீர் முழுக்க மண்ணில் இறங்கிவிட்டது. டெபுடி காலால் ஒன்றைத் தள்ளி, "காலிக் கேனுங்க" என்றான். நான் போர்வையைப் போர்த்திக்கொண்டு ரோட்டோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். வாயைத் திறக்கவில்லை.

அன்றைக்கு எனக்குச் சந்தேகம்தான். இருபது வயதில் மரலாரிக்குப் போன முதல் வாரம் மேஸ்திரி சொன்னார்: "பாரத்தப் பின்னால ஏத்தினா, வண்டிய வால்தான்டா ஓட்டும்." அன்று உறுதியாயிற்று. அன்றிலிருந்து தெரிந்தே சும்மா இருந்திருக்கிறேன்.

நீ மிதித்ததால் அது ஆடவில்லை. அது ஆடியதால் நீ மிதித்தாய். அந்த இடத்தில் யார் இருந்தாலும் மிதித்திருப்பார்கள்.

பிரேக் போடாமல் இறங்காதே. செத்துவிடுவாய். கீழ்க் கியரில், விட்டு விட்டு மிதித்து, மெதுவாக. ஆடினால் கைப்பிடி. ஓரன் கூப்பிடுகிறார்.

லைல்


காவல் கோபுரம்
15 செப்டம்பர்
(வொர்லண்ட் தபால் நிலையத்துக்கு)

அக்கா,

ஓரன் வந்தார். உன்னிடமிருந்து ஒன்றும் இல்லை. பையைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தேன். நீ 13ஆம் தேதியே இறங்கியிருந்தாலும் கடிதம் இதற்குள் வராது என்று எனக்கே தெரியும். ஆனாலும் கவிழ்த்தேன்.

பஃபலோவில் என் கடிதம் உனக்குக் கிடைத்ததா? அதை மட்டும் எழுது. திட்ட வேண்டுமானால் அப்புறம் திட்டு. ஒரு அட்டையில் "கிடைத்தது" என்று ஒரு சொல் போதும்.

கடிதம் ஒரு நாள் பிந்திப் போயிருந்தால் நீ எட்டுக் கேனோடு, பிரேக்கைத் தொடாமல் அந்த இறக்கத்தில் இறங்கியிருப்பாய். இந்த ஒரு கணக்கைத்தான் ராத்திரியும் பகலும் போட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்று தெற்கே எழுந்த ஒரு புகையைத் தவறவிட்டேன், பக்கத்துக் கோபுரத்துக்காரன்தான் பார்த்துச் சொன்னான்.

லைல்


காவல் கோபுரம்
29 செப்டம்பர்
(வொர்லண்ட் தபால் நிலையத்துக்கு)

அக்கா,

இரண்டு வியாழன் போய்விட்டது. ஒன்றுமில்லை.

ஓரனிடம் கெஞ்சி, கீழே இருந்து ரோந்துப் போலீசுக்குப் போன் செய்யச் சொன்னேன். டிரெய்லர் விபத்து எதுவும் பதிவாகவில்லை என்றார்களாம். "நல்ல சேதிதானேய்யா, அப்புறம் ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார். அவருக்கு அந்தப் பள்ளத்தாக்கு தெரியாது. தடுப்புச் சுவர் இல்லாத வளைவில் ஒரு வண்டி போனால், வேட்டைக்காரன் எவனாவது எட்டிப் பார்த்தால்தான் உண்டு. பஃபலோ தபால் நிலையத்திலும் கேட்டார். யார் எதை வாங்கினார்கள் என்று போனில் சொல்லமாட்டார்களாம்.

நீ படிக்கிறாயா, இல்லை ஒரு மரப்பெட்டியில் இவை சேர்ந்துகொண்டே இருக்கின்றனவா என்று தெரியாமல் எழுதுகிறேன். படித்தால் இதையும் படி. மறைத்தது இன்னொன்று இருக்கிறது.

அப்பா போவதற்கு முந்தின நாள் நான் பக்கத்தில் இருந்தேன். நீ கீழே மருந்துக் கடைக்குப் போயிருந்தாய். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "ஆர்டித்து பாவம்டா. அவள நான் மன்னிச்சிட்டேன்னு சொல்லு" என்றார். "மன்னிக்க ஒண்ணுமில்லப்பா, தண்ணி நான் ஏத்தினது" என்று சொல்ல அரை நிமிஷம் ஆகியிருக்காது. "சரிப்பா" என்றேன். அவர் சொன்னதையும் உன்னிடம் சொல்லவில்லை. மன்னித்துவிட்டார் என்று சொன்னால் தப்பு உன்னுடையது என்று நானும் சேர்ந்து கையெழுத்துப் போட்டது போல் ஆகும் என்று நினைத்தேன். சொல்லாமல் இருந்ததும் அதே கையெழுத்துதான்.

நீ பள்ளத்தில் கிடந்தால் அதுவும் நான் செய்தது. உயிரோடு இருக்கிறாயா, அக்கா?

லைல்


ஆற்றங்கரை முகாம், வொர்லண்ட்
4 அக்டோபர்

லைல்,

இறங்கிவிட்டேன். செப்டம்பர் 14, மதியம் இரண்டேகாலுக்கு.

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 13ஆம் தேதி கில்லெட்டிலிருந்து பஃபலோ போகும்போதே, நாற்பத்தைந்து மைல் வேகம் தாண்டினால் பின்னால் யாரோ சட்டையைப் பிடித்து இழுப்பது போல் இருந்தது. என் கை நடுங்குவதால் வண்டி ஆடுகிறது என்று நினைத்தேன். பார்த்தாயா, அப்போதும் என் மேல்தான் பழி போட்டுக்கொண்டேன்.

பஃபலோவில் ஜன்னலுக்குள் இருந்தவர் "ஒண்ணு வந்திருக்கும்மா, இப்பத்தான் பையப் பிரிச்சோம்" என்று உன் கடிதத்தைத் தந்தார். பிக்கப்பில் உட்கார்ந்து படித்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. தபால் நிலையத்தைப் பூட்டிக்கொண்டு போகிறவர் கண்ணாடியைத் தட்டி, "யாராச்சும் தவறிட்டாங்களாம்மா?" என்று கேட்டார். "ஆமா, ரொம்ப நாளாச்சு" என்றேன்.

அன்று கேன்களை இறக்கவில்லை. இறக்கக் கூடாது என்றே இருந்தது. அப்படியே போய்ச் செத்தால் உனக்கு நன்றாக இருக்கும் என்று ஒரு ராத்திரி முழுக்க நினைத்தேன். நினைத்ததை மறைக்கவில்லை.

காலையில் மாட்டுச் சந்தைக்கு ஓட்டிக்கொண்டுபோய், மாடு நிறுக்கிற மேடையில் முதலில் டிரெய்லரையும், அப்புறம் மூக்கை மட்டுமாகவும் நிறுக்கச் சொன்னேன். மேடைக்காரர் முள்ளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "மொத்தம் மூவாயிரம் பவுண்டு, மூக்குல நூத்திப்பத்துதான் நிக்குது. பின்னால என்னம்மா, உங்க மாமியாரையா ஒளிச்சு வெச்சிருக்கீங்க?" எட்டுக் கேனையும் அங்கேயே கவிழ்த்தேன். சட்டிகளை முன்னால் அடுக்கினேன். மறுபடி நிறுத்தோம். முந்நூற்றிருபது. அந்த முள் நகர்வதைப் பார்த்தபோதுதான் லைல், உன் கடிதம் எனக்கு உறைத்தது. அதுவரை வார்த்தையாகத்தான் இருந்தது. அந்த மேடையிலேயே உட்கார்ந்து அழுதேன். பாவம், அந்த மனுஷன் மாமியார் நிஜமாகவே செத்துவிட்டார் என்று நினைத்துத் தொப்பியைக் கழற்றினார்.

இறக்கத்தில் இரண்டாவது கியர், இருபத்தைந்து மைல். மிதித்தேன், விட்டேன், மிதித்தேன், விட்டேன். சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. அம்மா போன வளைவுக்குச் சற்று மேலே ஒரு எண்ணெய் லாரி எதிரே உரசுவது போல் போயிற்று, காற்று அடித்தது, வால் ஒரு தடவை ஆடியது. கண்ணை மூடாமல் இருந்தது எப்படி என்று தெரியாது. கைப்பிடியை இழுத்தேன். டிரெய்லர் நேரானது. அவ்வளவுதான். இரண்டு விநாடி இருக்கும். ரோடு அகலமான அடுத்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, இறங்கிப் போய்ப் பந்தையும் சங்கிலியையும் தொட்டுப் பார்த்தேன்.

உன் மூன்று கடிதமும் கிடைத்தன. இங்கே வந்த ஒவ்வொன்றையும் வந்த அன்றே படித்தேன்.

தண்ணீர் சுமந்த பதினாலு வயதுப் பையன் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. அவன் எதிரே வந்தால் கட்டிக்கொள்வேன். அப்பா கட்டிலுக்குப் பக்கத்தில் "சரிப்பா" என்றவனுக்கு இருபத்தேழு வயது. அவன் மேல் இருக்கிறது. எப்போது போகும் என்று எனக்கே தெரியாது, போகும் என்று சத்தியமும் செய்யமாட்டேன்.

இறங்கிய அன்றே உனக்கு ஒரு அட்டை போட்டிருக்கலாம். டென்ஸ்லீப் தபால் நிலையத்துக்கு எதிரில்தான் பெட்ரோல் போட்டேன். அட்டையும் வாங்கினேன், உன் பெயரும் எழுதினேன். அப்புறம் அதைக் கிழித்தேன். வேண்டுமென்றேதான் கிழித்தேன். ஒரு உயிர் என்னால் போயிற்றா என்று தெரியாமல் படுப்பதும் எழுவதும் எப்படி இருக்கும் என்று நீ ஒரு தடவை பார்க்க வேண்டும். நான் அதில் இருபத்திரண்டு வருஷம் இருந்தேன். உனக்கு இருபது நாள் கொடுத்தேன்.

ஒரு மாசம் கொடுப்பதாகத்தான் இருந்தேன். நேற்று உன் கடைசிக் கடிதம் வந்தது. "உயிரோடு இருக்கிறாயா, அக்கா?" என்று கேட்டிருந்தாய். அதற்குப் பதில் தெரிந்திருந்தும் இன்னொரு நாள் சும்மா இருக்க என்னால் முடியவில்லை. உனக்கு எப்படி முடிந்தது?

இருக்கிறேன், லைல்.

ஆர்டித்